நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

'நல்லகரட்டுப்பட்டி ஊராட்சி மன்றத் தலைவர் திருமதி ஆ. சோலையம்மாள் அவர்கள் ஊராட்சி நிர்வாகத்தை நேரடியாகக் கவனித்து, மாதந்தோறும் மன்றக் கூட்டங்களுக்குத் தலைமையேற்று, பொதுமக்களின் குறைகளை உடனுக்குடன் தீர்த்துவைக்கும் ஆற்றல்மிகு பெண் தலைவராவார்.'

ஒன்றிய அலுவலகத்தார் அச்சடித்த கையேடு ஒன்றில், பதினேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது. அருகில் அவளுடைய படம். படத்தின் ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தோள். அந்தத் தோள் அவள் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமியுடையது. எவ்வளவு நெருக்கி வெட்டியும் படத்தை வெட்டியவரால் அதை விலக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் நெருக்கியிருந்தால் சோலையம்மாளின் காது போயிருக்கும்.

கையேடு வந்த அன்று மாதாந்திர மன்றக் கூட்டம். கூட்டம் என்றால் மூன்று பேர்: ஆண்டிச்சாமி, துணைத் தலைவர், ஊராட்சி செயலர் மணிமாறன். மூவரும் வீட்டு முன்னறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றல்மிகு பெண் தலைவர் அடுப்படியில் உளுந்த வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் கையேடு முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. "வடைல உப்பு கம்மி" என்று முன்னறையிலிருந்து ஒரு குறை வந்தபோது, அடுத்த ஈட்டிலேயே அதைத் தீர்த்துவைத்தாள்.

சோலையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. பத்தாவது பாஸ். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினான்கு வருஷம் சைடர் வேலை பார்த்தவள். ஓடுகிற மெஷினில் அறுந்த இழையைக் கண்டுபிடித்து, மெஷின் நிற்காமல் ஒட்டிவிடுகிற வேலை அது. ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் இழை ஒட்டியிருப்பாளோ, யாரும் எண்ணியதில்லை. ஒட்டாமல் விட்டால்தான் எண்ணுவார்கள்.

தலைவர் பதவிக்கு ஆசைப்பட்டது அவள் இல்லை, ஆண்டிச்சாமி. போர் வண்டிக்கு ஏஜென்டாக இருந்தவர். யார் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர், யார் வீட்டில் என்ன சண்டை, இரண்டும் அவருக்கு அத்துபடி. பத்து வருஷமாகக் கல்யாணம், கருமாதி, காதுகுத்து ஒன்று விடாமல் போய்ப் போய் ஊரைத் தயார் செய்து வைத்திருந்தார். தேர்தல் அறிவிப்பு வந்தபோது பஞ்சாயத்து பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "மில்லுக்கு லீவு சொல்லிரு, நாமினேஷன் போடணும்" என்றார்.

போஸ்டரில் அவர் கும்பிட்டார். அவள் பக்கத்தில் இருந்தாள். அறுபத்தொரு ஓட்டில் அவள் ஜெயித்தாள். மாலை அவர் கழுத்தில் விழுந்தது. அன்றிலிருந்து ஊருக்கு ஆண்டிச்சாமி 'தலைவரே', அவள் 'தலைவரம்மா'. தலைவரின் சம்சாரத்தைத் தலைவரம்மா என்பதுதானே முறை. மறுவாரமே மில் வேலையை விடச் சொல்லிவிட்டார். தலைவர் பொஞ்சாதி மில்லுக்குப் போனால் ஊர் என்ன நினைக்கும்?

ஆண்டிச்சாமி கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் சிக்கல். கோடையில் தண்ணீர் லாரிக்கு அலைந்தவர் அவர். ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஊருக்காக ஓடியவர் அவர். அவளைக் கைநீட்டி அடித்ததில்லை, நாலு பேர் முன்னால் திட்டியதில்லை. ஒரு அலுவலகப் படி ஏறவிடாமல், ஒரு மேடையில் வாய்திறக்கும் சிரமம் தராமல், ஐந்து வருஷமும் அவளைப் பத்திரமாக வைத்திருந்தார். குடியரசு தினத்தன்று மட்டும் கொடிக்கயிற்றை அவள் கையில் கொடுப்பார். அதிலும் முடிச்சை முன்கூட்டியே அவர் தளர்த்தி வைத்திருப்பார்.

முதல் வருஷம் மணிமாறன் தீர்மானப் புத்தகத்தை அவளிடம் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினான். அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போடுவாள். அதோடு, போடுமுன் மேலே எழுதியிருப்பதை வாசிக்கவும் செய்வாள். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். இரண்டாம் வருஷம் அவன் புத்தகத்தைக் கொண்டுவருவதை நிறுத்தினான். "அக்காவுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றான். அப்புறமும் கூட்டங்கள் நடந்ததாகவும், தீர்மானங்கள் நிறைவேறியதாகவும், அவற்றில் தன் கையெழுத்து இருப்பதாகவும் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒருவேளை அந்தக் கையேட்டில் வருகிற சோலையம்மாள் வேறு யாரோவாக இருக்கும். எங்கோ உட்கார்ந்து ஊராட்சியை நேரடியாகக் கவனித்துக்கொண்டிருப்பாள்.

அந்த வேறு சோலையம்மாள் செய்த ஒரு காரியம் இந்தச் சோலையம்மாளின் தலையில் விடிந்தது.

ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் இடையில் ஒரு கிலோமீட்டர். மில் பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். காலை ஐந்தேகாலுக்கே முப்பது முப்பத்தைந்து பெண்கள் அங்கே வந்துவிடுவார்கள். பஸ் சில நாள் ஐந்தரைக்கு வரும், சில நாள் ஆறு தாண்டும். அதுவரைக்கும் பெண்களுக்கு ஒதுங்க இருந்தது ரோட்டோரத்துச் சீமைக்கருவேலங்காடு. நிலத்தடி நீரை உறிஞ்சுகிற மரம், வெட்டி ஒழிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். நல்லகரட்டுப்பட்டி மன்றமும் அப்படியே தீர்மானம் போட்டது. ஒரே வாரத்தில் ஜேசிபி வந்து சுத்தமாக வழித்துவிட்டுப் போனது. அடுத்த திங்கட்கிழமை காலையில் பெண்கள் போய் நின்றபோது அரை மைல் தூரத்துக்குப் பொட்டல். மறைவுக்கு ஒரு செடி இல்லை.

பேச்சாயி நேராக அடுப்படிக்கு வந்துவிட்டாள். மில்லில் சோலையம்மாளுக்கு அடுத்த மெஷினில் நின்றவள். இன்னும் அதே மெஷினில் நிற்கிறவள்.

"ஏத்தா, முள்ள வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவ நீதான?"

"என் கையெழுத்துன்னுதான் சொல்றாக."

"சொல்றாகளா? அம்புட்டு நாள் அந்த முள்ளுக்குள்ள எங்கூட ஒக்காந்து எந்திரிச்சவ நீ. ஒனக்குத் தெரியாதா? நாலு பேரு சேலைய விரிச்சுப் பிடிக்க, நடுவுல ஒருத்தி ஒக்காருறா. லாரிக்காரன் லைட்டப் போட்டு ஆரன் அடிச்சுட்டுப் போறான்."

"ஒக்காரு, காப்பி குடி."

"ஒன் காப்பியக் குடிச்சுட்டு நாளைக்குக் காலைல எங்க போறது? தலைவரு வீட்டுக்கா?"

பேச்சாயி காப்பி குடிக்காமல் போனாள். காப்பி மட்டுமில்லை, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள். பல பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். நான்கு மாசத்தில் பேச்சாயிக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். சோலையம்மாள் ரசஞ்சாதம் கொண்டுபோனாள். டாக்டரம்மா வந்து, "தண்ணி நெறையக் குடிக்கணும்மா" என்று சொன்னார். பேச்சாயி சோலையம்மாளைப் பார்த்தாள்.

இத்தனைக்கும் மெயின் ரோட்டு நிறுத்தத்துக்கு நாற்பதடி தள்ளி மகளிர் சுகாதார வளாகம் ஒன்று இருக்கிறது. எப்போதோ கட்டியது. நான்கு அறை, ஒரு தொட்டி, சுவரில் தாமரைப்பூ கூட வரைந்திருக்கிறார்கள். கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. உள்ளே ஆண்டிச்சாமியின் போர் பைப்புகள். முந்தைய தலைவர் காலத்திலேயே, சும்மாதானே கிடக்கிறது என்று வைத்தது. சாவி அவருடைய மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்திலேயே இருந்தது.

சோலையம்மாள் அவரிடம் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, "பாப்போம்" என்றார். இரண்டாம் தடவை, "பைப்பை எங்க வைக்கிறது, ஒந்தலையிலயா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதைத் தானே ரசித்துச் சிரித்தார். மூன்றாம் தடவை கேட்டது பேச்சாயி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள். ஆண்டிச்சாமி சாப்பாட்டிலிருந்து தலைதூக்கி அவளைச் செத்த நேரம் பார்த்தார்.

"என்ன, தலைவருன்னு நெனப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவளும் யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒரு நினைப்பு எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. "வெஞ்சனம் போடவா?" என்று கேட்டாள்.

அப்படியே வருஷம் ஓடியது. பதவி அடுத்த ஜனவரி ஐந்தாம் தேதியோடு முடிகிறது. அதற்கப்புறம் தனி அலுவலர் வருவார். தேர்தல் எப்போது வருமோ தெரியாது. பூட்டு மட்டும் இருக்கும். பேச்சாயி இப்போதெல்லாம் கேட்பதுகூட இல்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருநாள், "விடு சோல, நீ என்ன செய்வ பாவம்" என்றாள். ஐந்து வருஷத்தில் வாங்கிய பேச்சிலேயே அதுதான் உறைத்தது.

அந்த டிசம்பரில் விடாமல் மழை. ஊராட்சி அலுவலகத்தின் கூரை ஒழுகியது. பீரோவிலிருந்த பதிவேடுகளையெல்லாம் மணிமாறன் சாக்கில் கட்டி ஆண்டிச்சாமி வீட்டில் கொண்டுவந்து போட்டான். "அக்கா, செத்த ஃபேன் காத்துல காயப் போடுங்க. நான் திண்டுக்கல்ல பயிற்சிக்குப் போறேன், அடுத்த வாரம்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான்கு வருஷமாக அவள் கண்ணில் படாமல் காத்துவந்த புத்தகத்தை, ஈரமாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவள் கையிலேயே கொடுத்தான். காயப்போடுவது பெண்கள் வேலை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆண்டிச்சாமி போர் போடுகிற இடத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவள் தரையில் உட்கார்ந்து பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தாள். தீர்மானப் புத்தகத்தைப் பிரித்தபோது முள் வெட்டிய தீர்மானம் வந்தது. அடியில் அவள் பெயர். கடைசி எழுத்தில் ஒரு பெரிய சுழி, அதன் கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. தன்னுடைய கையெழுத்தை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது, தன்னுடையதைவிட.

மற்ற கையெழுத்துகளையும் பார்த்தாள். ஒன்பது வார்டு உறுப்பினர்கள். அதில் ஐந்து பேர் பெண்கள். ஐந்து பேருடைய கையெழுத்தும் அவரவர் வீட்டு ஆண்களின் கையில் அழகாக விழுந்திருந்தது.

மேலும் புரட்டினாள். நூற்றுப் பதினோராம் பக்கத்தோடு எழுத்து முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வெற்றுப் பக்கம். ஆனால் முழுக்க வெற்று இல்லை. மேலே முக்கால் பக்கம் காலியாக இருக்க, அடியில் துணைத் தலைவரையும் சேர்த்து ஒன்பது உறுப்பினர், தலைவர் என்று எல்லார் கையெழுத்தும் வரிசையாக இருந்தன. அடுத்த மூன்று பக்கமும் அதே மாதிரி. கடைசி நேரத்தில் யாரைத் தேடி அலைவது என்று மணிமாறன், வெங்காயத்தைப் பட்டறை போடுவதுபோல, கையெழுத்துகளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தான். கையெழுத்து முதலில், முடிவு பிறகு. இந்த மன்றத்தின் வழக்கம் அது. டீக்கடையிலும் களத்துமேட்டிலும் வண்டியை நிறுத்தாமலே நீட்டி வாங்குவான். யாரும் எதற்கு என்று கேட்டதில்லை.

சோலையம்மாள் புத்தகத்தை மூடினாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. இன்னொரு தடவை அவரிடம் கேட்க வேண்டும், அவர் 'பாப்போம்' என்பார், திரும்ப ரேஷன் கடையில் நிற்க வேண்டும். அதைவிட இதை எழுதிவிடுவது சுலபம்.

பழைய பக்கங்களைப் பார்த்து அதே நடையில் எழுதினாள். நாள்: 27.12.2024. பொருள்: மெயின் ரோடு மகளிர் சுகாதார வளாகத்தைத் திறந்து பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது குறித்து. தீர்மானம்: மேற்படி வளாகத்திலுள்ள தனியார் பொருட்களை 05.01.2025-க்குள் அப்புறப்படுத்தவும், தண்ணீர் இணைப்பைத் திறந்துவிடவும், சாவியை மில் வேலைக்குச் செல்லும் பெண்கள் சார்பாகத் திருமதி பேச்சாயியிடம் ஒப்படைக்கவும் மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.

'ஏகமனதாக' என்று எழுதும்போது பேனா நின்றது. எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான் முடிந்திருந்தது. இந்தப் பக்கத்தில் உண்மையிலேயே ஒரே ஒரு மனதுதான் இருந்தது. எழுதிவிட்டாள்.

பக்கம் வீட்டில் இருந்தால் கிழியும். முத்திரை குத்திய நகல் வெளியே ஒன்று இருந்தால் கிழியாது. மில்லில் அவளுக்குத் தெரிந்த சட்டம் இது: சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லும் லீவு லீவே இல்லை.

திங்கட்கிழமை, ஆண்டிச்சாமி போர் வண்டியோடு போனதும், புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறினாள். பெண்களுக்குக் காசில்லாத பஸ். ஒன்றிய அலுவலகம் போக அவளுக்கு ஐந்து வருஷம் ஆனது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஜெராக்ஸ் கடையில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை இரண்டு நகல் எடுத்தாள்.

தபால் வாங்கும் மேஜையில் ஹரிணி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தேர்வெழுதி வேலைக்கு வந்தவள் என்பது மேஜையைப் பார்த்தாலே தெரிந்தது, அத்தனை சுத்தம்.

"நல்லகரட்டுப்பட்டியா? தலைவர் வரலையாக்கா?"

"வந்திருக்கு."

ஹரிணி வாசலைப் பார்த்தாள். "வெளிய நிக்கிறாரா? உள்ள வரச் சொல்லுங்க."

"உள்ளதான் இருக்கேன்."

ஹரிணி அவளைப் பார்த்தாள், நகலைப் பார்த்தாள். பழைய கோப்பு ஒன்றை எடுத்துக் கையெழுத்துகளை ஒத்துப் பார்த்தாள். சுழி, கோடு, இரண்டு புள்ளி. "கையெழுத்தெல்லாம் சரியா இருக்கு. இருந்தாலும் தலைவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று செல்போனை எடுத்து, 'நல்லகரட்டுப்பட்டி தலைவர்' என்று இருந்த எண்ணை அழுத்தினாள்.

சோலையம்மாள் மஞ்சப்பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

போன் எடுக்கப்பட்டதும் போர் வண்டியின் இரைச்சல் அந்த அறை முழுக்கக் கேட்டது. அதற்கு மேலாக ஆண்டிச்சாமியின் குரல்.

"சொல்லும்மா!"

"சார், உங்க ஊராட்சித் தீர்மானம் ஒண்ணு வந்திருக்கு. அந்த சுகாதார வளாகம் சம்பந்தமா…"

"கையெழுத்து இருக்கா?"

"எல்லார் கையெழுத்தும் இருக்கு சார்."

"அப்பறம் என்னம்மா? நம்ம போட்ட தீர்மானந்தான். சீலப் போட்டுக் குடுத்து விடு. இதுக்கெல்லாமா தலைவருக்குப் போன் அடிப்பாக!"

ஹரிணி சீல் போட்டாள். ஒரு நகலைக் கோப்பில் வைத்து, இன்னொன்றைக் கொடுத்தாள். பதிவேட்டைத் திருப்பி, "கொடுத்தவர்னு இருக்குற இடத்துல கையெழுத்துப் போடுங்கக்கா" என்றாள். சோலையம்மாள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் தன் பெயரை எழுதினாள்.

ஹரிணியின் புருவம் ஏறியது. "இது தலைவர் கையெழுத்து மாதிரி இல்லையே?"

"இல்லதான்" என்றாள் சோலையம்மாள். "எந்த மாதிரி இருக்கணும், காட்டுத்தா."

கோப்பைத் திருப்பி வைத்துச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு, போட்டதை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரே இழுப்பில் போட்டாள். பெரிய சுழி, கோடு, இரண்டு புள்ளி. அறுந்த இழையை ஓடுகிற மெஷினில் ஒட்டிய விரல்கள். இது பெரிய காரியமில்லை.

"இப்ப சரியா?"

ஹரிணி அடித்த கையெழுத்தைப் பார்த்தாள். அடிக்காததைப் பார்த்தாள். கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"ஒக்காருங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாத்தா. வீடு போகணும், பஸ்ஸு எப்ப வருமோ."

ஹரிணிக்குப் புரிந்தது. அதுவும் ஒரு பெண்தானே. "உங்க நம்பர் சொல்லுங்க, வச்சுக்கிறேன்" என்றாள். சோலையம்மாள் சொன்னாள். ஹரிணி நல்ல மனதோடுதான் அதைப் பதிந்துகொண்டாள்: 'நல்லகரட்டுப்பட்டி தலைவர் 2'.

வியாழக்கிழமை மணிமாறன் பயிற்சி முடிந்து வந்தான். மறுபடியும் முன்னறை, மறுபடியும் ஃபேன். துணைத் தலைவர் மட்டும் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். மணிமாறன் பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினான். மூடி வாயிலிருந்து விழுந்தது.

"அண்ணே, இதுல எழுதியிருக்கு."

"தீர்மானப் புத்தகத்துல எழுதாம என்ன செய்வாக?"

"இல்லண்ணே. நம்ம எழுதல."

ஆண்டிச்சாமி புத்தகத்தை வாங்கி வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். "யாரு எழுதுனது?"

சோலையம்மாள் டீயோடு வந்தாள். "நாந்தான். சீனி போதுமா பாருங்க."

"கிழிச்சுப் போடுறா அத."

"பக்கத்துக்கு நம்பர் இருக்குண்ணே. நூத்திப் பன்னெண்டு இல்லாம நூத்திப் பதிமூணு எப்பிடி வரும்?"

"நகலு யூனியன் ஆபீஸ்ல இருக்கு" என்றாள் அவள். டம்ளருக்கு அடியில் சீல் போட்ட தாள் இருந்தது.

"யாரக் கேட்டு சீல் போட்டாக?"

"உங்களக் கேட்டுத்தான்."

ஆண்டிச்சாமிக்குத் திங்கட்கிழமையும் போர் வண்டி இரைச்சலும் நினைவுக்கு வர இரண்டு மடக்கு டீ பிடித்தது. "பொய்க் கையெழுத்துன்னு சொல்லீர்றேன். எம் பொண்டாட்டி கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

மணிமாறன் புத்தகத்தைத் தொடாமல், சூடான சட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒங்களக் கும்பிடுறேன். எது பொய்க் கையெழுத்துன்னு கேப்பாக. வெத்துத் தாள்ல யாரு வாங்குனான்னு கேப்பாக. அஞ்சு வருசத்துத் தீர்மானத்தையும் பிரிப்பாக. எனக்கு ரெண்டு பிள்ளைக."

ஆண்டிச்சாமி புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார்.

"அஞ்சு வருசம்" என்றார் ஆண்டிச்சாமி, யாரையும் பார்க்காமல். "ஒரு வெயிலு படவிட்டிருப்பனா? ஒரு ஆபீஸு வாசல்ல நிக்க விட்டிருப்பனா? இப்ப நானே பைப்பத் தூக்கிட்டுத் தெருவுல நிக்கணுமா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பதில் சொல்ல அவளுக்கும் வார்த்தைகள் இருந்தன. ஆனால் அவற்றைச் சொன்னால் அவர் பேசுவார், அதற்கு அவள் பேச வேண்டும், அது பொங்கல் வரைக்கும் போகும். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது ஓய்வாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவிக்கொத்தை டிவி மேல் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அதற்குமேல் ஒரு மனிதர் இறங்கி வருவார் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

மில்லுக்கு வார லீவு என்பதால் பேச்சாயியோடு ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். டேங்க் ஆபரேட்டர் சீல் போட்ட தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு வால்வைத் திறந்தார். பேச்சாயி கதவருகில் நின்று சோலையம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏத்தா, இன்னிக்கோட ஒம் பதவி முடியுதாமே?"

"ஆமா."

"கடைசி நாள்ல வந்து கக்கூஸத் தொறக்குற. இத மொதல் நாளே செஞ்சிருந்தா எனக்கு ஊசி மிஞ்சியிருக்கும்ல?"

"மிஞ்சியிருக்கும்" என்றாள் சோலையம்மாள். "அந்தப் பக்கத்தப் பிடி, பைப்பு கனக்குது."

பொங்கல் கழிந்து நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் வந்தது. 'தாய்மார்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்று சுகாதார வளாகத்தைத் திறந்துவைத்த தலைவர் ஆண்டிச்சாமி அவர்களுக்கு நன்றி. இவண், இளைஞர் அணி.' படத்தில் அவர் கும்பிடுகிறார். முதலில் அவருக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது; ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இப்போது யாராவது கேட்டால், பைப்பை நகர்த்த எவ்வளவு சிரமப்பட்டேன் தெரியுமா என்று சொல்கிறார். ஓரத்தில் யாருடைய தோளும் தெரியவில்லை.

2025 ஜனவரி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், சோலையம்மாள் அந்தப் பூட்டைத் திறந்தாள். உள்ளே இருந்த நாற்பத்தாறு பைப்புகளைப் பெண்களோடு சேர்ந்து வெளியே எடுத்து அடுக்கினாள். நான்கு அறைகளையும் பினாயில் ஊற்றிக் கழுவினாள். சாவியைப் பேச்சாயியின் கையில் கொடுத்துவிட்டு, மத்தியானச் சோறாக்க வீட்டுக்கு நடந்து போனாள்.